டிக்கிக்குள்ளிருந்து ஒரு விற்பனை

சாவியைத் திருகியதும் கார் "டிக்" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. விற்பனையாளர் இன்னொரு முறை திருகினார். இந்த முறை அந்த "டிக்" கூட வரவில்லை.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. காரணம், அவர் விற்பதே ஜம்ப் ஸ்டார்ட்டர். பேட்டரி செத்துப்போன வண்டியைக் கிளப்பிவிடுகிற சின்னப் பெட்டி. தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்புகள் தொங்கும். அவற்றை பேட்டரியில் மாட்டி, பெட்டியின் பட்டனை அழுத்தி, சாவியைத் திருகினால் போதும். பக்கத்தில் இன்னொரு வண்டி வேண்டாம், நீள வயர் வேண்டாம், யார் கையையும் காலையும் பிடிக்க வேண்டாம். இதையெல்லாம் அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். சொன்னதைக் கேட்டதாக மனைவி சாட்சி சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட பெட்டிகள் ஓர் அட்டைப் பெட்டி நிறைய டிக்கியில் இருந்தன. எடுத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி. விசிலடித்தபடி பின்பக்கம் போய் டிக்கியின் பட்டனை அழுத்தினார். டிக்கி அசையவில்லை. பலமாக அழுத்தினார். தட்டினார். ஒரு தடவை கெஞ்சியும் பார்த்தார்.

கார் மச்சினனுடையது. சாம்பிள் பெட்டிகளை ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியாது என்பதற்காக, ஒரு கீறல்கூட விழாது என்று சத்தியம் செய்து வாங்கிய கார். மச்சினனைப் போனில் கூப்பிட்டார்.

"மாமா, அந்த டிக்கிக்குச் சாவித் துவாரமே கிடையாது. பட்டன்லதான் திறக்கும்."

"பட்டனைத்தான் அழுத்திக்கிட்டே இருக்கேன்."

"பட்டனுக்கு பேட்டரி வேணும் மாமா."

விற்பனையாளர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை அதைப் பார்த்தார். டிக்கி திறக்க பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு உயிர் வர டிக்கி திறக்க வேண்டும். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

சிரிக்கிற நாளா அது? அந்த வேலைக்கு வந்து இத்தனை மாதங்களில் அவர் ஒரு பெட்டிகூட விற்கவில்லை. பேச்சில் குறையில்லை, பேச்சு மட்டும்தான் இருந்தது. மேலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆர்டர் இல்லையென்றால் நாளையிலிருந்து குடோனில் பெட்டி அடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். குடோனில் பேசுவதற்கு ஆளே கிடையாது. சுவரோடுதான் பேச வேண்டும். நம்மவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

இன்றைய வாடிக்கையாளர் ஒரு வேன் நிறுவனத்தின் முதலாளி. நம்பரைக் கொடுத்த மேலாளருக்கு, ஆளிடம் நிறைய வேன் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. முதலாளியும் போனில் எண்ணி எண்ணித்தான் பேசினார். வண்டிகள் சில சமயம் நாள் கணக்கில் சும்மா நிற்குமாம். கிளம்ப வேண்டுமென்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டுமாம். போகும்போது ஆள் இருக்கும், திரும்பும்போது காலியாக வருமாம். நடுவழியில் நின்றுவிட்டால் கூட வருகிறவர்களை இறங்கித் தள்ளச் சொல்ல முடியாது, அது நன்றாக இருக்காது என்றார். விற்பனையாளர் உடனே கணக்குப் போட்டுவிட்டார். விமான நிலையம், சுற்றுலா, பெரிய இடத்து ஆட்கள். மலை, அருவி எல்லாம் வைத்து ஒரு பேச்சையும் தயாரித்தார்.

"பேட்டரி எப்படிங்க போச்சு? நேத்து நல்லாத்தானே வந்தது?" என்று கேட்டபடி மனைவி வாசலுக்கு வந்தார்.

விற்பனையாளர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் உறைத்தது. நேற்று சாயங்காலம் அந்தப் பேச்சை ஒத்திகை பார்க்கக் காருக்குள் உட்கார்ந்தார். வீட்டுக்குள் பேசினால் மனைவி சிரிக்கிறார் என்பதால்தான் கார். மேடையில் நிற்கிற மாதிரி இருக்கட்டும் என்று ஹெட்லைட்டைப் போட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினார். பேச்சு பிரமாதமாக அமைந்த சந்தோஷத்தில் அப்படியே இறங்கிப் போய்விட்டார். விளக்கு மட்டும் சுவருக்குக் கடைசிவரை டெமோ காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"தள்ளிவிடலாமா?" என்றார் மனைவி.

தள்ள முடியாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, தள்ளினால் கிளம்பாது. இதையும் அவரே வாடிக்கையாளர்களிடம் முழ நீளத்துக்கு விளக்கியிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் எதிர் வீட்டுக்காரர் ஜம்பர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரிடம் ஒரு கார் உண்டு. தினமும் குளிப்பாட்டித் துடைத்து உறை போட்டு மூடிவைப்பார். ஓட்டியதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. தன் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் ஒன்றும் குறைந்துபோகாது என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

வேறொரு காரின் தயவு வேண்டாம் என்று சொல்லித்தான் விற்பனையாளர் பிழைப்பு நடத்துகிறார். இப்போது கொள்கையைப் பார்க்க நேரமில்லை. ஆனால் எதிர் வீட்டுக் கார் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது, வயரோ குட்டை. ஆகவே உறையைக் கழற்றி, காரை மூவருமாகத் தள்ளி, தெருவின் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வயரை மாட்டினார்கள். எதிர் வீட்டுக்காரர் ஜம்பமாக உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி நீளமாக இருமியது, குட்டையாக இருமியது, அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

ஓடாத வண்டியின் பேட்டரி எப்படி இருக்கும்? ஒரு செத்த பேட்டரி இருந்த இடத்தில் இப்போது இரண்டு. போதாததற்குத் தெருவும் அடைபட்டது. அந்தப் பக்கம் தண்ணீர் கேன் வண்டி வந்து நின்று ஹாரனை அடிக்கத் தொடங்கியது. ஹாரனைக் கேட்டு ஜன்னல்கள் திறந்தன. சிலர் வேடிக்கை பார்க்க வசதியாகக் காப்பியோடு வெளியே வந்துவிட்டார்கள்.

விற்பனையாளர் தெருமுனை டயர் கடைக்கு ஓடினார். அங்கே சக்கரம் வைத்த பெரிய ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று உண்டு. இழுத்துக்கொண்டு போனால் லாரியைக்கூடக் கிளப்பும். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். டயர் கடைக்காரர் அவரை நிதானமாகப் பார்த்தார்.

"நீங்கதானே சார் போன வாரம் வந்து, இது பழைய காலத்துச் சாமான், இதை வச்சிருக்கிறதே கடைக்குக் கேவலம், காயலான் கடைக்குத் தூக்கிப் போடுங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"போட்டுட்டேன்."

"அப்ப எங்க பெட்டியை ஏன் வாங்கலை?"

"பழசு வேண்டாம்ங்கிற வரைக்கும் நீங்க பேசினது மனசுல நின்னுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசிட்டீங்க."

தன் பேச்சால் ஒருவர் மனம் மாறிய முதல் சம்பவம் இது. அதைக் கொண்டாட முடியாமல் விற்பனையாளர் திரும்பி ஓடினார். என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று டயர் கடைக்காரரும் பின்னால் நடந்தார்.

இதற்குள் மனைவி தம்பியிடம் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பின் சீட்டின் முதுகில் ஒரு பாதியை மடக்கலாம். அதன் ஓரத்தில் இருக்கும் நாடாவை இழுத்தால் சாயும். சாய்ந்தால் டிக்கிக்குள் கை விடலாம். இழுத்தார்கள், சாய்ந்தது. ஆனால் அட்டைப் பெட்டி டிக்கியின் அந்தக் கோடியில் இருந்தது. விற்பனையாளரின் கை எட்டவில்லை. தலையை விட்டார், எட்டவில்லை. தோளை விட்டார். அப்புறம் வயிறு வந்தது. வயிற்றை உள்ளே தள்ள மனைவி உதவ வேண்டியிருந்தது. கடைசியாக ஒரு செருப்பு மட்டும் வெளியே விழ, ஆள் முழுதாக டிக்கிக்குள் போய்ச் சேர்ந்தார்.

"எட்டிடுச்சு!" என்று உள்ளே இருந்து வெற்றிக் குரல் வந்தது.

எதிர் வீட்டுக்காரர் அப்போதுதான் மறுபக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எதுவும் அலங்கோலமாகக் கிடந்தால் அவருக்குப் பிடிக்காது. சாய்ந்து கிடந்த சீட்டை அக்கறையாக நிமிர்த்தி, நன்றாக அழுத்தியும் விட்டார். அது "டக்" என்று பூட்டிக்கொண்டது. மனைவி பாய்ந்து நாடாவை இழுத்தார். நாடா தனியாகக் கையோடு வந்துவிட்டது.

"விழுந்து கிடக்குதேன்னு எடுத்து வச்சேம்மா," என்றார் எதிர் வீட்டுக்காரர்.

உள்ளே இருந்து உதைக்கிற சத்தம் கேட்டது. சீட்டு அசையவில்லை. கீறல் விழக் கூடாது என்று சத்தியம் செய்த காரில் அதற்கு மேல் உதைக்கவும் முடியாது. நல்லவேளையாகப் பின் சீட்டின் நடுவில், கை வைத்துக்கொள்ளும் பலகையை இறக்கினால் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதன் வழியாக விற்பனையாளரின் மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன. மூச்சு விடலாம், பேசலாம். பேச முடிகிற வரைக்கும் அவர் கலங்குகிற ஆள் இல்லை. ஆனால் அந்த ஒற்றைக் கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

"என்னால ஆகலைம்மா. குடோன்தான்," என்றார் மெதுவாக.

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் டிக்கிக்குள் போன் அடித்தது. வேன் முதலாளி. திடீரென்று ஓர் அழைப்பு வந்திருக்கிறதாம், வண்டியோடு அவரும் போகிறாராம், இந்த வாரம் இனி நேரமில்லையாம்.

"டெமோ காட்டுறதா இருந்தா இப்பவே வீடியோவில் காட்டுங்க. இல்லேன்னா வேண்டாம்."

விற்பனையாளர் வீடியோவைப் போட்டார். எதிரே, வெள்ளைச் சட்டையில், சிரித்தே பழக்கமில்லாத ஒரு சாந்தமான முகம். அந்த முகம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒரே இருட்டாக இருக்கிறதே என்றது. விற்பனையாளர் ஒரு பெட்டியை எடுத்து அதிலிருந்த டார்ச்சைப் போட்டார். வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து அடித்து அவரை ஒரு மாதிரியாகக் காட்டியது. அந்தக் கோலத்திலேயே ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்கினார். மலைப்பாதை, அருவிச் சாரல், உங்கள் வண்டியில் பாட்டும் கைதட்டலுமாகப் பயணிகள்...

"எங்க வண்டியில பாட்டெல்லாம் போடறதில்லை," என்றார் முதலாளி.

பேச்சு அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு வருகிற எல்லா வரியிலும் பாட்டு இருந்தது.

"நீங்க படுத்துக்கிட்டா பேசுறீங்க?"

விற்பனையாளர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, சுருக்கமாகப் பேசினார். "சார், இந்தக் கார் பேட்டரி செத்துப்போச்சு. நான் டிக்கிக்குள்ள மாட்டிக்கிட்டேன். என் கையில இருக்கிற பெட்டிதான் எங்க ரெண்டு பேரையும் காப்பாத்தணும். மாட்டப்போறது என் மனைவி. அவங்க இதுவரைக்கும் ஒரு பல்புகூட மாட்டினதில்லை. வண்டி கிளம்பினா வாங்குங்க."

முதலாளி முகத்தைப் போனுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு கேட்டார்: "கால் நீட்ட முடியுதா?"

"மடக்கித்தான் சார் வச்சிருக்கேன்."

"அது ரொம்பக் கஷ்டம்," என்றார் முதலாளி, உண்மையான வருத்தத்தோடு. தங்கள் வண்டிகளில் அந்தக் குறை கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட சொகுசு வேன்களோ என்று விற்பனையாளருக்கு ஏக்கமாக இருந்தது.

போன் ஓட்டை வழியாக வெளியே வந்தது. அதைப் பிடித்துப் படம் காட்டும் பொறுப்பு எதிர் வீட்டுக்காரருக்குப் போயிற்று. முதல் பகுதி முழுவதும் அவர் தன் காதைத்தான் காட்டினார். டயர் கடைக்காரர் போனைச் சரியான பக்கம் திருப்பிப் பிடிக்க வைத்த பிறகு பானெட் தெரிந்தது.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சோதனை. கையில் டார்ச் எரிந்த பெட்டியில் வண்டியைக் கிளப்புகிற அளவுக்குச் சார்ஜ் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எல்லாமே அவர் தன் போனுக்கு சார்ஜ் போட்டுத் தீர்த்த சாம்பிள்கள். முதலாளிக்கு அன்பளிப்பாகக் கொடுக்க ரிப்பன் கட்டி வைத்திருந்த ஒன்று மட்டும் தொடாமல் இருந்தது. ரிப்பனைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பட்டனை அழுத்தினார். நான்கு விளக்குகளும் எரிந்தன. அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர் முகம் மலர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

ரிப்பன் தொங்கியபடியே பெட்டி பக்கவாட்டில் திரும்பி, ஓட்டை வழியாக மனைவி கைக்கு வந்தது.

டிக்கியிலிருந்து வந்த பேச்சு மற்றவர்களுக்கு வெறும் முனகலாகத்தான் கேட்டது. மனைவிக்குத் தெளிவாகப் புரிந்தது. அவர் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களோடுதான் அவருக்கு அன்றாடம் வேலை. விற்பனையாளர் உள்ளே முனக, மனைவி அதை ஊருக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. துணியால் துடைத்தார். கிளிப்புகளை மாட்டினார். பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிக் "கீகீ" என்று கத்தியது. வேடிக்கை பார்த்தவர்கள் நாலடி பின்வாங்கினார்கள். எதிர் வீட்டுக்காரர் போனோடு தெருவோர மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"வெடிக்காதாம்," என்று மனைவி உள்ளே இருந்து வந்த முனகலை மொழிபெயர்த்தார். "மாத்தி மாட்டிட்டேனாம். தப்பா மாட்டினா கத்துமாம், கரண்ட் விடாதாம். யார் வேணாலும் பயப்படாம மாட்டலாமாம்."

இதைத்தான் விற்பனையாளர் இத்தனை மாதமாகப் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு தெரு முழுவதும் கண்ணால் பார்த்தது. மனைவி கிளிப்புகளை மாற்றினார். சிவப்பு விளக்கு பச்சையானது. போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

கார் ஒரே உறுமலில் கிளம்பியது.

தெரு கைதட்டியது. தண்ணீர் கேன் வண்டிக்காரர்கூடக் கோபத்தை மறந்து இந்த முறை சந்தோஷத்துக்கு ஹாரன் அடித்தார். மனைவி டிக்கி பட்டனை அழுத்தினார். டிக்கி மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே கிடந்த விற்பனையாளர், கலைந்த தலையும் ஒற்றைச் செருப்புமாக, எரிகிற டார்ச்சோடு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். எதிர் வீட்டுக்காரர் சரியாக அந்த நேரத்தில் போனை அவர் பக்கம் திருப்பினார்.

போனில் முதலாளியின் வாய் திறந்திருந்தது. 

"எல்லா வண்டிக்கும் ஒண்ணு கொடுங்க. முதல் பெட்டி எனக்கு இப்பவே வேணும், டிரைவரை அனுப்புறேன்," என்றார். அவர் குரல் லேசாக நடுங்கியது.

விற்பனையாளர் மனைவியைப் பார்த்தார். மனைவி கையில் இன்னும் பிய்ந்த நாடா இருந்தது. தெருவே பார்க்கிறது என்பதை மறந்து இருவரும் கைகோத்துக்கொண்டு சிரித்தார்கள். நாடாவைத் தைத்துக் கொடுத்துவிடலாம், தம்பியைத் தான் பார்த்துக்கொள்வதாக மனைவி சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம்தான். அதே பெட்டியால் எதிர் வீட்டுக் காரையும் கிளப்பித் தெருவைத் திறந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். டயர் கடைக்காரர் இரண்டு கேட்டார். இந்த முறை யாரும் ஒரு வார்த்தை பேசாததால் முடிவெடுக்கச் சுலபமாக இருந்தது என்றார். தண்ணீர் கேன் வண்டிக்காரரும் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். மேலாளர் போனில் விஷயத்தைக் கேட்டு, குடோன் பேச்சை அவரே மென்று விழுங்கி, மாலையில் அலுவலகம் வந்து மற்ற விற்பனையாளர்களுக்கு இந்த டெமோ முறையைச் சொல்லித்தர வேண்டும் என்றார். எல்லோரையும் டிக்கியில் அடைக்க முடியுமா என்பதுதான் நம்மவருக்குச் சந்தேகமாக இருந்தது.

முதலாளி அனுப்பிய டிரைவர் கொஞ்ச நேரத்தில் நடந்தே வந்து சேர்ந்தார். வெள்ளைச் சீருடை. காலடிச் சத்தமே இல்லாத நடை. வண்டியை ஏன் வாசலுக்குக் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு, தெருவுக்குள் வந்தால் நாலு பேர் தப்பாக நினைப்பார்கள் என்று முனையிலேயே நிறுத்திவிட்டதாகப் பணிவாகச் சொன்னார். மறுபடியும் ரிப்பன் கட்டிய பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெற்றிக் களிப்பில் இருந்த விற்பனையாளர் அவரை விடவில்லை. மலையைப் பற்றிப் பேசவில்லை, அருவியைப் பற்றிப் பேசவில்லை. அப்படியிருந்தும் முதலாளி எதைப் பார்த்து இப்படி விழுந்தார் என்று கேட்டார்.

டிரைவர் தொழில் பழக்கத்தில் தலை குனிந்தபடி சொன்னார்:

"இத்தனை வருஷமா அமரர் ஊர்தி ஓட்டுறோம் சார். பின்னாடி படுத்திருக்கிறவரே வண்டியைக் கிளப்பி விட்டுட்டு எழுந்து உட்கார்ந்ததை முதலாளி இன்னைக்குத்தான் பார்த்தாராம்."